கல்யாணக் கோஷ்டிக்கு இடம் இனாம்

முழு விலை கொடுத்து வாங்குகிறவர்களைப் பார்த்தால் பேச்சியம்மாளுக்குக் கோபம் வராது, இரக்கம்தான் வரும். “பாவம், கேக்கத் தெரியாத ஜனங்க” என்று சப்புக்கொட்டுவாள்.

மலாயாவில் ரெங்கத்தை ஒட்டிய ரப்பர்த் தோட்டம் ஒன்றில் அவள் பால்மரம் வெட்டுகிறவள். நாற்பதை எட்டிப் பார்க்கிற வயசு. ஆள் ஒல்லி; குரல் மட்டும் நாலு ஆளுக்கானது. எழுத்து வாசனை கிடையாது. ஆனாலும் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் யாராவது குடும்பத்தோடு வெளியூர் கிளம்புவதென்றால் முதலில் வந்து நிற்பது அவள் வாசலில்தான். எந்தத் திருவிழாவுக்கு ரயில்காரன் போக வர டிக்கெட்டைக் குறைத்துப் போடுகிறான், ஜோகூர் பாருவில் எந்தச் சோற்றுக்கடைக்காரர் சாப்பிட வந்தவர்களை மாடியில் சும்மா படுக்க விடுவார், பொந்தியான் படகுக்காரர்களில் யாருக்குக் கைக்குழந்தையைக் கண்டால் மனசு இளகும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. சும்மா இருக்கும் இடத்தையும் சும்மா போகும் வண்டியையும் கண்டால் அவளுக்குக் கை அரிக்கும். ஒரு தடவை குளுவாங்கில் துரைமார் தங்குகிற ரெஸ்ட் ஹவுஸுக்கே போய், “ரூம் காலியாத்தானே கெடக்கு, பாதி வெலைக்குக் குடுங்களேன்” என்று கேட்டுவிட்டாள். அங்கே சமையல்காரராக இருந்த மலையாளத்துக்காரர் வயிறு வலிக்கச் சிரித்து, ஒரு கோப்பைத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பி வைத்தார்.

“ரூம் கெடைக்கல, சரி. துரை குடிக்கிற தேத்தண்ணி கெடைச்சிச்சா இல்லையா?” என்று ஒரு வாரம் அதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அவள் புருஷன் வேலு இந்த விஷயத்தில் சுத்த சூன்யம். கடைக்காரன் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை எண்ணாமல் மடியில் போட்டுக்கொள்கிற மனுஷன். கல்யாணம் ஆன புதிதில் அதைப் பார்த்துப் பேச்சியம்மாள் அழுதே இருக்கிறாள். கல்யாணம் என்று சொல்வதுகூட ஒரு பேச்சுக்குத்தான். கப்பலில் வந்து இறங்கிய சின்ன வயசில், உறவு என்று சொல்லிக்கொள்ள ஒருத்தரும் இல்லாமல் அவள் நின்றபோது, கங்காணி ஒரு மஞ்சள் கயிற்றை வேலுவின் கையில் கொடுத்து, “கட்டுடா, ஒனக்கும் ஒரு ஆளாச்சு” என்றான். கட்டி முடிப்பதற்குள் ஆள் எண்ணும் பெரட்டுக்குத் தப்பட்டை அடித்துவிட்டார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் ஓடிப்போய் வரிசையில் நின்று, பெயர் கொடுத்துவிட்டு, ஆளுக்கொரு பால் வாளியோடு கித்தாக் காட்டுக்குள், ரப்பர் மரங்களுக்கு நடுவே போய்விட்டார்கள். அவ்வளவுதான் விசேஷம்.

“இந்த மலாயாவுலயே கொறஞ்ச செலவுல நடந்த கல்யாணம் என்னுதுதான்” என்று அதையும் அவள் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

அப்படிப்பட்டவளுக்கு ஓர் இனாம் கசந்தது. ரப்பர் விலை படுத்துவிட்ட வருஷம் அது. பொந்தியான் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த அவள் அண்ணன் ஐயாசாமிக்கு வேலை போய்விட்டது. வேலை போனவர்களைச் சர்க்கார் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. கப்பலும் இனாம், கப்பலில் சோறும் இனாம். ஐயாசாமிக்கும் அவன் பெண்சாதி காளியம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் பெயர் பதிந்தாயிற்று. பொங்கலுக்கு அடுத்த வாரம் சிங்கப்பூரிலிருந்து கப்பல். போனால் அவர்கள் திரும்பப் போவதில்லை; தேடிப்போய்ப் பார்க்க இவளுக்கும் வக்கில்லை.

சேதி வந்த அன்று பேச்சியம்மாள் உலை வைக்கவில்லை. மறுநாள் தெளிந்துவிட்டாள். அண்ணன் கப்பலேறுவதற்கு முன்னால் குடும்பம் முழுக்க ஒரே கூரைக்கடியில் ஒரு மூன்று நாளாவது சேர்ந்து இருக்க வேண்டும். அதுதான் அவளுக்கு வேண்டும். வேறெதுவும் வேண்டாம்.

“போயி ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துருவோமே” என்றான் வேலு.

“பாத்துட்டு வர்றதுக்கு அவரு என்ன கோயில் தேரா? சேந்து திங்கணும், சேந்து தூங்கணும், நாலு சண்டை போடணும். அப்பத்தான் அண்ணன் தங்கச்சி.”

ஆனால் எங்கே சேர்வது? லயத்தில் குடும்பத்துக்கு ஓர் அறை. அதில் கால் நீட்டினால் அடுப்பில் இடிக்கும். வெளித் தோட்டத்து ஆள் ராத்தங்கினால் துரை சத்தம் போடுவார். அண்ணன் இருந்த லயத்தையோ பூட்டப் போகிறார்கள். ஓட்டலில் தங்கலாமென்றால் சீனர் ஓட்டல்களில் அறைக்கு இவ்வளவு என்று கேட்பார்கள்; இத்தனை பேருக்கு எத்தனை அறை எடுப்பது? பேச்சியம்மாள் வேலைக்குப் போகிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் விசாரித்துக்கொண்டே அலைந்தாள். லயத்துக்குத் துணி மூட்டை கொண்டு வருகிறவர்தான் கடைசியில் அந்தத் தங்கமான தகவலைச் சொன்னார். பத்து பாகாட் என்ற கடலோர ஊரில் ஒரு செட்டியார் சத்திரம் வைத்திருக்கிறார். பெரிய கூடம், கிணறு, அடுப்படி, பாய், பாத்திரம் எல்லாம் உண்டு. மற்றவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று காசு. கல்யாணக் கோஷ்டி என்றால் மூன்று நாளைக்கு எல்லாமே இனாம். அரிசி பருப்பும் அவரே கொடுக்கிறார்.

பேச்சியம்மாள் அன்றைக்கு லயத்துக்கு நடந்து வரவில்லை, பறந்துதான் வந்தாள்.

“மூணு நாளு இனாம்! சோறும் இனாம்! ஒரே ஒரு வெசயம்தான், கல்யாணம் இருக்கணுமாம்.”

“யாருக்குடி கல்யாணம்?” என்றான் வேலு.

“நம்ம செல்வராணிக்கின்னு சொல்லுவோம். அங்க போனதும் மாப்பிள்ளைக்குக் காய்ச்சல்னு சொல்லிட்டா முடிஞ்சிச்சு லா.”

செல்வராணி அவர்கள் மகள். சமைந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எதற்கும் குரல் உயர்த்தாத வேலு அன்றைக்கு உயர்த்தினான். “வயசுப் புள்ளைய வெளையாட்டுக்குக்கூட மணப்பொண்ணுன்னு சொல்லக் கூடாது. அப்பறம் நெசக் கல்யாணம் தட்டிப் போயிரும். நான் சம்மதிக்க மாட்டேன்.”

அது பேச்சியம்மாளுக்கும் உறைத்தது. உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கல்யாணமாகாத எந்தப் பிள்ளையின் பெயரையும் இதில் இழுப்பதில்லை என்று முடிவாயிற்று. கல்யாணமானவர்கள் மணப்பெண் ஆக முடியாது. ஆகவே பெண்ணும் மாப்பிள்ளையும் பின்னால் வண்டியில் வருகிறார்கள் என்று சொல்லியே நாளை ஓட்டிவிடலாம் என்றாள்.

“மூணு நாளாவா வண்டி வரும்?”

“டயரு பஞ்சர்னு சொல்லுவோம். எத்தன டயரு இருக்கு ஒரு வண்டிக்கு!”

வண்டிக்கும் அவள் வழி கண்டுபிடித்திருந்தாள். பத்து பாகாட்டிலிருந்து விடிகாலையில் குளுவாங்குக்கு மீன் ஏற்றி வரும் லாரி, திரும்பும்போது காலியாகத்தான் போகிறது. லாரிக்காரச் சீன முதலாளியான தவுக்கேயின் முன்னால் போய் நின்று, தனக்குத் தெரிந்த மலாயையெல்லாம் கொட்டி, காலி வண்டி காற்றைச் சுமந்து போவது எவ்வளவு பாவம் என்று அவருக்குப் புரிய வைத்தாள். “மூரா லா, தவுக்கே, மூரா லா” என்று விலையை இறக்கு இறக்கு என்று அவள் கெஞ்சிய கெஞ்சலில், காது வலி தாங்காமல் அவர் ஒத்துக்கொண்டார்.

பொங்கல் கழிந்த மறுநாள் குளுவாங் சந்தையிலிருந்து லாரி கிளம்பியது. ஐயாசாமி குடும்பம் இரண்டு நாள் முன்னதாகவே ரெங்கத்துக்கு வந்து, யார் கண்ணிலும் படாமல் லயத்தில் ஒண்டிக்கொண்டிருந்தது. குளுவாங்கில் வேலுவின் அக்கா கருப்பாயி மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் சகிதம் ஏறிக்கொண்டாள். அடியில் மீன் தண்ணி ஈரம், மேலே வெயில், ஒவ்வொரு பள்ளத்திலும் எல்லாரும் ஒருத்தர் மடியில் ஒருத்தர். வழியில் ஆயர் ஈத்தாமைத் தாண்டுவதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது. கருப்பாயி வாந்தி எடுத்துவிட்டு அதே வாயால் குலவை போட்டாள். லாரிக்காரன் எட்டிப் பார்த்து, இதற்கு மீனே தேவலை என்று தலையில் அடித்துக்கொண்டான். பேச்சியம்மாளுக்கு நெஞ்சு கொள்ளாத சந்தோஷம். அண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தாள்.

சத்திரத்து வாசலில் சொக்கநாதன் செட்டியார் சந்தனக் கிண்ணத்தோடும் பன்னீர்ச் செம்போடும் தயாராக நின்றார். கல்யாணக் கோஷ்டி வருகிறது என்று துணி மூட்டைக்காரர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். லாரியிலிருந்து இறங்கிய கூட்டத்தின் வாடை முகத்தில் அடித்ததும் செட்டியார் ஒரு நிமிஷம் கண்ணை மூடினார். பிறகு சந்தனத்தை விட்டுவிட்டுப் பன்னீரைத் தாராளமாகத் தெளிக்க ஆரம்பித்தார்.

“வாங்க, வாங்க. பொண்ணு எது? மாப்பிள்ளை யாரு?”

“பின்னால வண்டியில வர்றாங்க மொதலாளி” என்றாள் பேச்சியம்மாள், மழை வெயில் பற்றிப் பேசுவது போலச் சாதாரணமாக.

செட்டியார் தெளிப்பதை நிறுத்தினார். “பின்னாலயா? போன கார்த்திகையில ஒரு கூட்டம் இப்பிடித்தான் சொல்லுச்சு. மூணு நாளாத் தின்னுட்டு, டயரு பஞ்சர்னு சொல்லிட்டுப் போயிருச்சு. பொண்ணு மாப்பிள்ளையக் கண்ணால பாக்காம நான் இப்ப யாரையும் உள்ள விடுறதில்ல தாயி.”

பேச்சியம்மாளுக்கு அவமானத்தைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது. தன் யோசனையை எவளோ முந்தித் திருடிவிட்டாளே! லாரிக்காரன் தட்டிக் கதவை ஏற்றிச் சாத்திக்கொண்டிருந்தான். அண்ணன் ஐயாசாமி தலையில் தகரப்பெட்டியோடு, உள்ளே போகலாமா கூடாதா என்று தெரியாமல் நடு ரோட்டில் நின்றான். கப்பலுக்காக வாங்கிய பெட்டி அது. அதைப் பார்த்ததும் அவள் வாய் அவளைக் கேட்காமலே திறந்துகொண்டது.

“நான்தான் மொதலாளி பொண்ணு.”

சொல்லிவிட்டு வேலுவின் பக்கம் கை நீட்டினாள்.

“அந்தா நிக்கிறாரே, அவருதான் மாப்பிள்ளை.”

மாப்பிள்ளை அப்போது தலைப்பாகையில் ஒட்டிய மீன் செதிலைப் பிய்த்துக்கொண்டிருந்தான். செட்டியார் அவனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் பின்னால் நின்ற, அவளை உரித்து வைத்திருந்த செல்வராணியையும் பார்த்தார். கடைசியில் அவர் கண் பேச்சியம்மாளின் கழுத்துக்கு வந்து நின்றது.

“கழுத்துல கெடக்குறது என்னாத்தா?”

பொய் சொல்ல வந்தவளுக்கு அந்த இடத்தில் ஒரு பொய்யும் வரவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். கங்காணி கொடுத்த கயிறு, தப்பட்டைச் சத்தம், வாளி, காடு. “மேளம் இல்ல, அச்சதை இல்ல. சாமி முன்னால நிக்கல. ஒறவுன்னு யாரும் இல்ல. எங்கண்ணன் அப்ப ஊர்ல. அவருக்குத் தெரியவே ஒரு வருசம் ஆச்சு” என்றாள். எப்போதும் சிரித்துக்கொண்டே சொல்கிற கதை, இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

செட்டியாரின் கண் கலங்கிவிட்டது. “முருகா! இத்தன வருசமா மொறைப்படி நடக்காமயா குடும்பம் பண்ணிக்கிட்டு இருக்கீங்க?” என்றவர் சந்தனக் கிண்ணத்தை நீட்டினார். “உள்ள வாங்க எல்லாரும். எம்மக கமலாட்சிக்கு ஊர்ல வரன் அமையாமத் தள்ளிப் போய்க்கிட்டே இருக்கு. ஏழைபாழைங்க கல்யாணத்த என் கையால நடத்தி வைக்கிறேன்னு பழனியாண்டவருக்கு நேந்துக்கிட்டேன். உங்களோட அந்த வேண்டுதல் முடியுது. நாளைக்கே நல்ல முகூர்த்தம். நானே நடத்தி வைக்கிறேன்.”

பேச்சியம்மாள் சந்தனத்தைத் தொடப் போன விரலை இழுத்துக்கொண்டாள். இனாமாகச் சோறு சாப்பிட்டுப் போவது வேறு. ஒரு பெண்ணுக்காக நேர்ந்துகொண்ட வேண்டுதலில் பொய் கலப்பது வேறு. கிணற்றடியில் கால் கழுவும் சாக்கில் வேலுவைத் தனியாகப் பிடித்தாள்.

“ஏங்க, பயமா இருக்கு. நாம வெளையாட்டுக்குச் செய்யப் போயி அந்தப் பொண்ணு வாழ்க்கைக்கி ஏதாச்சும் ஆயிருச்சின்னா? உண்மையச் சொல்லிட்டுத் திரும்பிருவமா?”

வேலு நிதானமாகக் காலைத் தேய்த்தான். “நீ இப்ப வாசல்ல சொன்னதுல எது பொய்யி?”

அவள் யோசித்தாள். ஒன்றும் அகப்படவில்லை.

“எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல புள்ள” என்றான் வேலு. “ஆசையாத்தான் இருக்கு.”

இதைச் சொல்லிவிட்டு அவன் விறுவிறுவென்று போய்விட்டான். பேச்சியம்மாள் வாளியைக் கிணற்றுக்குள் போட்டுவிட்டு, கயிற்றை விட்டுவிட்டு, அசட்டுத்தனமாக நின்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கூத்து. செட்டியார் முறை தவறாதவர். “பொண்ணு வீட்டுக்காரங்க இந்தப் பக்கம், மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அந்தப் பக்கம்” என்று கூடத்தின் நடுவே ஒரு சேலையைக் கட்டிவிட்டார். ஐயாசாமி குடும்பம் பெண் வீடு. கருப்பாயி குடும்பம் மாப்பிள்ளை வீடு. செல்வராணியும் தம்பிகளும் எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியவில்லை. சோறு எங்கே முதலில் வருகிறதோ அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

அந்தச் சேலை கட்டின நிமிஷத்திலிருந்து கருப்பாயிக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. முதுகு நிமிர்ந்துவிட்டது.

“காப்பியில சீனி இல்ல. மாப்பிள்ளை வீட்டுக்காரங்கன்னா ஒரு மருவாதி வேணாமா?” என்று சேலைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

“காலையில சந்தைக் கடையில சீனி இல்லாமத்தானே குடிச்சிங்க மதினி?” என்றாள் காளியம்மா.

“காலையில நான் சம்பந்தி இல்லையே!”

காளியம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை. பெண் வீட்டாருக்கு மட்டும் ரோஷம் கிடையாதா என்று, மாப்பிள்ளை வீட்டுப் பந்திக்கு அப்பளத்தைப் பாதி பாதியாக உடைத்துப் போட்டாள். அப்பளம் காரணமாக இரண்டு மருமகள்கள் பேச்சை நிறுத்தினார்கள். எதைப் போட்டாலும் வாய் திறக்காமல் தின்று எழுந்திருக்கிற வேலு, இலையைப் பார்த்து, “பாயசம் தண்ணியா இருக்கு” என்றான். சத்திரமே திரும்பிப் பார்த்தது. அவன் காது சிவந்துவிட்டது. ஆனால் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை.

பேச்சியம்மாளை ஒரு வேலையும் செய்ய விடவில்லை. மணப்பெண் எழுந்திருக்கக் கூடாதாம். அண்ணன் பக்கத்தில் பாயில் உட்கார வைத்துவிட்டார்கள். மதினி சோறு போட, அண்ணன் தண்ணி எடுத்து வைக்க, அண்ணன் பிள்ளைகள் விசிற, அவள் ராணி மாதிரி உட்கார்ந்து சாப்பிட்டாள். எந்தப் பந்தியிலும் இப்படி உட்கார்ந்து சாப்பிட்டதாக அவளுக்கு நினைவில்லை. சேலைக்கு அந்தப் பக்கம் சம்பந்திச் சண்டை, இந்தப் பக்கம் அண்ணன். இதற்குத்தானே இத்தனை பாடும்! அவளுக்குச் சிரிப்புப் பொங்கிப் புரையேறியது. ஐயாசாமி அவள் தலையில் தட்டினான்.

சாயங்காலம் கருப்பாயி ஒரு குண்டைப் போட்டாள். “என் தம்பிக்கு ஏதாச்சும் செய்மொறை செய்யாம அவன் மணையில ஒக்கார மாட்டான்.”

“ஏக்கா, சும்மா இரு” என்று வேலு கெஞ்சினான்.

“நீ மாப்பிள்ளை. நீ பேசப்படாது.”

வேலை போன மனுஷன் என்ன செய்வான்? ஐயாசாமி எழுந்து தகரப்பெட்டியைத் திறந்தான். ஊரில் போய் இறங்கும்போது கட்டிக்கொள்ள வேண்டும் என்று வைத்திருந்த புது வேட்டியையும் துண்டையும் எடுத்தான். வெற்றிலைத் தட்டில் வைத்து, சேலையை விலக்கிக்கொண்டு போய் வேலுவின் முன்னால் நீட்டினான். “மாப்ள, அன்னிக்கிச் செய்ய வேண்டியது. இன்னிக்கித்தான் முடிஞ்சிச்சு.”

வெளியில் வேடிக்கைக்குப் பேசினாலும் கருப்பாயிக்கு மனசு கல் இல்லை. “நான் சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன்டா ஐயாசாமி” என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். காளியம்மா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். மூக்கைச் சிந்திவிட்டு இரண்டு பேரும் போய் மறுபடி அப்பளம் பொரித்தார்கள். இந்தத் தடவை உடைக்கவில்லை.

மறுநாள் காலையில் முகூர்த்தம். பக்கத்துக் கோயில் பண்டாரம் வந்து உட்கார்ந்தார். பழைய கயிறு கழுத்தில் இருக்கட்டும், புதிதாக ஒன்று சேர்த்துக் கட்டலாம் என்று அவரே வழி சொன்னார். மேளத்துக்கு மட்டும் ஆள் அகப்படவில்லை. செட்டியார் அதற்கும் அசரவில்லை. தம்முடைய கிராமபோன் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, நாகஸ்வரப் பிளேட்டைப் போட்டுவிட்டார்.

பெண்ணுக்குக் கூடப்பிறந்தவன் பொரி இட வேண்டும் என்று பண்டாரம் கூப்பிட்டார். ஐயாசாமி வந்து எதிரே நின்றான். பேச்சியம்மாள் கையை ஏந்தினாள். கையைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு அவன் போட்டதில் பொரியில் பாதி அவள் மடியில் கொட்டியது.

“அன்னிக்கி வர முடியாமப் போச்சு பேச்சி” என்றான்.

“இப்ப வந்துட்டல்லண்ணே” என்றாள் அவள்.

வேலு தாலியை எடுத்ததும் பண்டாரம் கையை உயர்த்தினார். செட்டியார் கெட்டிமேளம் இருக்கிற இடத்தில் ஊசியை வைத்தார். வைத்த இடத்திலேயே ஊசி மாட்டிக்கொண்டது. டும் டும் டும் டும் என்று அதே இடத்தை அடித்துக்கொண்டே இருந்தது. வேலு மூன்று முடிச்சும் போட்டு முடித்துவிட்டான், மேளம் நிற்கவில்லை. மேளம் நிற்காதவரை அட்சதையை நிறுத்துவது எப்படி? எல்லாரும் போட்டுக்கொண்டே இருந்தார்கள். அட்சதை தீர்ந்து, பொரியைப் போட்டார்கள். பொரியும் தீர்ந்து, பூவைப் பிய்த்துப் போட்டார்கள். கருப்பாயி குலவை போட்டுப் போட்டுக் குரல் கட்டிப் போனாள். வேலு தலையெல்லாம் அரிசியாகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் பல் தெரியச் சிரித்து அவள் அதிகம் பார்த்ததில்லை. பேச்சியம்மாளும் வெட்கத்தை விட்டுச் சிரித்தாள். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. செட்டியார் ஊசியை எடுக்க மறந்து, “எம்மகளுக்கும் இப்பிடி நடக்கணும், இப்பிடியே நடக்கணும்” என்று கைகூப்பிக்கொண்டு நின்றார்.

மத்தியானத்துக்கு மேல் செட்டியார் பிடித்துக் கொடுத்த மாட்டு வண்டிகளில் கடலுக்குப் போனார்கள். சேற்றுக் கடல்தான். யாருக்கு அது பற்றிக் கவலை? கருப்பாயி காளியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணியில் நின்று, அலை வரும்போதெல்லாம் “அலமாக்!” என்று மலாய்க்காரி மாதிரி அலறினாள். ஐயாசாமி மட்டும் ஒரு பாறைமேல் உட்கார்ந்து தண்ணியையே பார்த்தான். பேச்சியம்மாள் அவனைப் பார்த்தாள். பிறகு ஓடிப்போய் அவன் கையைப் பிடித்து இழுத்துத் தண்ணிக்குள் தள்ளிவிட்டாள். புது மணப்பெண் செய்கிற காரியமா என்று எல்லாரும் ஏசினார்கள்.

மூன்றாம் நாள் காலையில் படகுத் துறைக்குப் போனார்கள். பொந்தியான் வழியாகச் சிங்கப்பூர் போகும் சின்னக் கப்பல் புறப்படத் தயாராக நின்றது. ஐயாசாமி குடும்பத்துக்கு அதில் இடம் பிடித்ததும் பேச்சியம்மாள்தான். எங்கே இறங்கி எங்கே ஏற வேண்டும் என்பதை மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டே வந்தாள். அந்தப் பேச்சு ஓடுகிற வரைக்கும் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. துறைக்கு வந்து பெட்டியைக் கீழே வைத்ததும் பேச்சு நின்றுவிட்டது. அண்ணனின் துண்டைப் பிடித்துக்கொண்டு அவள் அழ ஆரம்பித்தாள். நாலு ஆளுக்கான குரல். துறை முழுக்கக் கேட்டது.

மூட்டை தூக்குகிறவர்கள் நின்று பார்த்தார்கள். கழுத்தில் புது மஞ்சள் கயிறு, காலில் மஞ்சள், தலையில் வாடாத பூ. “கல்யாணப் பொண்ணு லா. பொறந்த வீட்ட விட்டுப் போறாள்ல, அப்பிடித்தான் அழுவும்” என்றான் ஒருத்தன். போகிறது பெண் அல்ல, பிறந்த வீடு என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

வழியனுப்ப வந்திருந்த செட்டியார் சீப்பு சீப்பாக வாழைப்பழத்தைக் காளியம்மாவிடம் கொடுத்துவிட்டு, ஐயாசாமியைப் பார்த்துத் திரும்பினார். “என்னப்பா, பொண்ணு வீட்டுக்காரன் மறுவீட்டுக்குக் கூப்புடாமக் கப்பலேறலாமா? மொறையாக் கூப்புடு.”

ஏணியில் ஒரு கால் வைத்துவிட்ட ஐயாசாமி நின்றான். கருப்பாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அண்ணன் போகிற வீடு எங்கே இருக்கிறது, அதற்கும் இந்தத் துறைக்கும் நடுவில் எவ்வளவு தண்ணி என்று அங்கே செட்டியாரைத் தவிர எல்லாருக்கும் தெரியும். பெண் வீடு பொந்தியானில் என்றுதான் அவர் நினைத்திருந்தார். அந்த வீட்டுக்கு இப்போது கூரை இருக்கிறதா என்று ஐயாசாமிக்கே தெரியாது.

அவன் காலை எடுத்துவிட்டுத் திரும்பி வந்தான். வேலுவின் முன்னால் நின்று, முறைப்படி இரண்டு கையையும் கூப்பினான்.

“மாப்ள, எந்தங்கச்சியக் கூட்டிக்கிட்டு மறுவீட்டுக்கு வந்துருங்க.”

வேலு புது வேட்டியை இழுத்துச் சொருகிக்கொண்டு கும்பிட்டான். “வந்துர்றோம் மச்சான்” என்றான்.

“கூரை போட்டதும் சொல்லி அனுப்புறேன்” என்றான் ஐயாசாமி, தங்கையைப் பார்த்து.

“கூரை போடாட்டியும் வருவேண்ணே” என்றாள் பேச்சியம்மாள்.

சங்கு ஊதிக் கப்பல் நகர்ந்தது. துறையில் நின்றவர்கள் கல்யாணப் பெண்ணின் அழுகையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். செட்டியார்கூட, “போதும் அழுதது, சொல்லுப்பா” என்று வேலுவிடம் சொன்னார். அழட்டும் என்று வேலு அவள் பக்கத்தில் நின்றான்.